பைப்புத் தண்ணீரா, ஃபில்டரா, பாட்டிலா: கோளாறைப் பார்த்து முடிவு செய்யுங்கள்

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் போன்ற தோட்டத்து ஊரில் குடிதண்ணீர்ப் பேச்சை எடுத்தால் மூன்று கட்சி கிளம்பும். லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், வளர்ந்தவர்கள், "பைப்புத் தண்ணியைக் கொதிக்க வச்சுக் குடிச்சுத்தானே இவ்ளோ நாள் இருக்கோம்" என்பார்கள். தாமானில், அதாவது வீடமைப்புப் பகுதியில், வீடு வாங்கியவர்கள் வாசலில் ஒன்று, சமையலறையில் ஒன்று என்று ஃபில்டர் மாட்டியிருப்பார்கள். மூன்றாவது கட்சி, கடைவரிசையில் நிற்கும் தண்ணீர் மிஷினில் காசு போட்டு, கேலன் கேலனாகப் பிடித்து மோட்டார் சைக்கிளில் வைத்துக்கொண்டு போகும்.

யார் சொல்வது சரி என்பதற்கு முன், உங்கள் வீட்டுத் தண்ணீரில் கோளாறு என்ன என்று பார்க்க வேண்டும். கோளாறு ஒன்றும் இல்லையென்றால் லயத்துக் கட்சிதான் சரி. சுத்திகரித்து வரும் பைப்புத் தண்ணீரைக் கொதிக்க வைத்து, மூடி ஆறவைத்துக் குடித்தால் போதும். கோளாறு இருந்தால், அது மெயின் பைப்பிலா, கூரைத் தொட்டியிலா, வீட்டுக் குழாயிலா, ஃபில்டரிலா, தண்ணீர் வைக்கும் பாத்திரத்திலா என்று இடம் தெரியாமல் எதை வாங்கினாலும் காசுதான் போகும்.

முதல் சோதனை: எந்தக் குழாய், எங்கிருந்து?

மீட்டர் பக்கத்தில் இருக்கும் வால்வை மூடுங்கள். வீட்டுக்குள் போய் ஒவ்வொரு குழாயாகத் திறந்து பாருங்கள். சற்று நேரத்தில் நின்றுபோகும் குழாய் மெயினிலிருந்து நேராக வருவது. தொடர்ந்து கொட்டுவது கூரைத் தொட்டியிலிருந்து வருவது. பெரும்பாலான வீடுகளில் சமையலறை சிங்க் குழாயும் வாசல் குழாயும் நேர் இணைப்பாக இருக்கும்; குளியலறை, கழிவறை எல்லாம் தொட்டித் தண்ணீர். ஆனால் வீட்டைப் பின்பக்கம் இழுத்துக் கட்டியபோது கொத்தனார் சிங்க் குழாயைத் தொட்டி லைனோடு சேர்த்துவிட்ட வீடுகளும் நிறைய உண்டு. அப்படிப்பட்ட வீட்டில் குடிக்கும் தண்ணீர் முழுக்கத் தொட்டி வழியாகத்தான் வருகிறது, வீட்டுக்காரருக்கே அது தெரியாது.

வால்வைத் திறந்த பிறகு மூன்று கண்ணாடி டம்ளரில் தண்ணீர் பிடியுங்கள்: வாசல் குழாயில் ஒன்று, சிங்கில் ஒன்று, குளியலறையில் ஒன்று. வெள்ளைத் தாளுக்கு முன் வைத்துப் பாருங்கள், முகர்ந்து பாருங்கள். மூன்றிலும் கோளாறு இருந்தால் அது மெயின் விஷயம். குளியலறையில் மட்டும் என்றால் தொட்டி. வாசலில் சுத்தமாக இருந்து சிங்கில் மட்டும் கெட்டிருந்தால் வீட்டுக் குழாய், இல்லையென்றால் அதில் மாட்டியிருக்கும் ஃபில்டர்.

தண்ணீர் டீ நிறத்தில் வருகிறது

தண்ணீர் நிறுத்தி மறுபடி விட்ட அன்று எல்லா வீட்டிலும் வரும் புகார் இது. பழைய மெயின் பைப்புகளின் அடியில் துருவும், இரும்பு, மாங்கனீசு ஆகியவற்றின் படிவும் தங்கியிருக்கும். அழுத்தம் இறங்கி மறுபடி வேகமாக ஏறும்போது அதெல்லாம் கிளறிக்கொண்டு வரும். வாசல் குழாயை முதலில் திறந்து, தெளியும்வரை ஓடவிடுங்கள். அந்தத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றலாம், ஐந்தடி நடையைக் கழுவ விடலாம், வெள்ளைத் துணிக்கு மட்டும் வேண்டாம். ஃபில்டர் இருந்தால் அதைத் தவிர்க்கும் பைபாஸ் வால்வைத் திறந்துவிடுங்கள். ஒரே காலையில் ஒரு புதுக் கேட்ரிட்ஜ் அடைத்துப்போவது இப்படித்தான்.

நிறத்தைப் பார்த்துக் கொதிக்க வைத்தால் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். கொதிக்க வைப்பது கிருமிக்கு மருந்து, இரும்புக்கு இல்லை. இரும்புள்ள தண்ணீர் கொதித்தபின் இன்னும் கறுத்துத்தான் தெரியும். மலேசியச் சுகாதார அமைச்சின் தரத்தில் குடிநீரில் இரும்பு லிட்டருக்கு 0.3 மில்லிகிராம், மாங்கனீசு 0.1 மில்லிகிராம் என்பது வரம்பு. இரும்புக்கான அந்த வரம்பு முக்கியமாகச் சுவை, கறை ஆகியவற்றுக்காக வைத்தது. ஆகவே ஒருவேளை பழுப்புத் தண்ணீரைக் குடித்துவிட்டால் பதற வேண்டியதில்லை. ஆனால் பைப்பு உடைந்து கலங்கிய தண்ணீரில் மண்ணோடு வேறு எது சேர்ந்திருக்கும் என்று சொல்ல முடியாது. தெளியும்வரை குடிக்கவும் சமைக்கவும் வேறு தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள்.

தினமும் காலையில் முதல் வாளி மட்டும் பழுப்பாக வந்து, அப்புறம் தெளிந்துவிடுகிறதா? பக்கத்து வீட்டில் அப்படி இல்லையா? அப்படியானால் உங்கள் வீட்டு இரும்புக் குழாய் உள்ளே துருப்பிடித்திருக்கிறது. பழைய வீடுகளில் போட்ட துத்தநாகம் பூசிய குழாய்கள் அப்படித்தான். எத்தனை ஃபில்டர் மாட்டினாலும் குழாயை மாற்றும்வரை கேட்ரிட்ஜுக்குக் காசு கொடுத்துக்கொண்டே இருப்பீர்கள். குழாய் மாற்றும் செலவு ஒரு தடவைதான்.

நாள் முழுக்க, தெரு முழுக்கப் பழுப்பாக வந்தால்தான் வாசலில் மாட்டும் பெரிய ஸ்டெய்ன்லெஸ் ஸ்டீல் ஃபில்டருக்கு வேலை. அது மண்ணையும் துருவையும் பிடிக்கும். வாரத்துக்கு ஒருமுறையாவது பேக்வாஷ் (தண்ணீரைப் பின்னோக்கி விட்டு உள்ளே கழுவுவது) செய்ய வேண்டும்; செய்யாதவர்கள் வீட்டில் அது ஒரு விலையுயர்ந்த சேற்றுத் தொட்டி.

தண்ணீர் பால் மாதிரி வெளுத்து வருகிறது

டம்ளரை வைத்துவிட்டுப் பாருங்கள். அடியிலிருந்து மேலாகத் தெளிந்தால் காற்றுக் குமிழி, தாராளமாகக் குடிக்கலாம். மேலிருந்து தெளிந்து அடியில் தூள் தங்கினால் மேலே சொன்ன படிவுக் கதைதான்.

குளோரின் வாடை அடிக்கிறது

இது கோளாறு இல்லை, காவல். சுத்திகரிப்பு ஆலையிலிருந்து உங்கள் வீடு வரும்வரை பைப்புக்குள் கிருமி பெருகாமல் இருக்கக் குளோரினை மீதம் வைத்து அனுப்புகிறார்கள். அமைச்சின் தரப்படி அந்த மீதக் குளோரின் லிட்டருக்கு 0.2 முதல் 5 மில்லிகிராம் வரை இருக்கலாம். ஆலைக்கு அருகில் இருக்கும் தாமானில் வாடை தூக்கலாக இருக்கும், லைனின் கடைசியில் இருக்கும் தோட்டத்தில் வாடையே தெரியாது. உண்மையில் கவனமாக இருக்க வேண்டியவர்கள் இந்த இரண்டாவது வீட்டார்தான்.

வாடை பிடிக்கவில்லையென்றால் கொதிக்க வையுங்கள், போய்விடும். இல்லை, வாய் அகன்ற ஜக்கில் ஊற்றி இரவு முழுக்க ஃபிரிட்ஜில் வையுங்கள். கார்பன் ஃபில்டரும் இந்த வேலையை நன்றாகச் செய்யும். அதற்கு என்எஸ்எஃப் 42 என்ற சான்று இருக்கிறதா என்று பாருங்கள், அது சுவைக்கும் குளோரினுக்குமான தரம். கார்பன் குளோரினை எடுத்துவிட்ட பிறகு தண்ணீருக்குக் காவல் இல்லை. ஃபில்டர் தண்ணீரை ஜாடியில் நிரப்பி நாள்கணக்கில் வெளியில் வைத்திருக்காதீர்கள்.

முட்டை அழுகின நாற்றம், மண் வாடை

டம்ளரில் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்குப் போய் முகருங்கள். நாற்றம் இல்லையென்றால் தண்ணீரில் குற்றம் இல்லை, சிங்குக்கு அடியில் இருக்கும் சாக்கடைக் குழாயைக் கழுவுங்கள். வெளியிலும் நாறினால், தீபாவளிக்கு ஊருக்குப் போய் வந்து ஃபில்டரைத் திறந்தீர்களா என்று யோசியுங்கள். ஃபில்டருக்குள் தேங்கிய தண்ணீர் அப்படி நாறும். சில நிமிடங்கள் ஓடவிட்டும் போகவில்லையென்றால் கேட்ரிட்ஜை மாற்றத்தான் வேண்டும். கிணற்று நீரில், ஆழ்துளைக் கிணற்றில் இந்த நாற்றம் வருவது ஹைட்ரஜன் சல்பைடால். மழை இல்லாத மாதங்களில் பைப்புத் தண்ணீரில் வரும் மண் வாடை, அணையிலும் ஆற்றிலும் பாசி பெருகுவதால் வருவது. மூக்குக்குத்தான் தொல்லை, கார்பன் ஃபில்டர் குறைக்கும்.

கெட்டிலில் வெள்ளைப் படிவு. விற்பனைக்காரர் காட்டும் பழுப்பு

கெட்டில் அடியில் சுண்ணாம்பு மாதிரிப் படிந்தால் அது சுண்ணாம்பேதான், கால்சியம் கார்பனேட். ஈப்போவிலிருந்து சிம்மோர், காந்தான் வழியாக வடக்கே வரும்போது சாலையோரம் தெரியும் குன்றுகளெல்லாம் சுண்ணாம்புக்கல். அந்தப் பக்கக் கிணற்று நீரும் ஊற்று நீரும் கடினமாக இருப்பதில் அதிசயம் இல்லை. ஆற்றிலிருந்து எடுத்துச் சுத்திகரித்த பைப்புத் தண்ணீர் பொதுவாக மென்மையானது, படிவு மெல்லிசாக இருக்கும். உடம்புக்குக் கெடுதல் இல்லை. சிறுநீரகக் கல் வரும் என்று பயமுறுத்துவார்கள். கல்லுக்கு முக்கியக் காரணம் வெயிலில் வேலை செய்துவிட்டுப் போதுமான தண்ணீர் குடிக்காமல் இருப்பது. கெட்டிலில் தண்ணீரோடு வினிகரோ எலுமிச்சைச் சாறோ விட்டுக் கொதிக்கவைத்து, ஊறவிட்டுக் கழுவினால் பளபளப்பாகிவிடும்.

இந்தப் படிவைக் காட்டித்தான் ஆர்.ஓ. மிஷின், அதாவது தண்ணீரை மெல்லிய சவ்வு வழியாக அழுத்தி உப்பைப் பிரிக்கும் சாதனம், விற்க வருகிறார்கள். அந்த வித்தையைக் கொஞ்சம் விளக்க வேண்டும். இரண்டு டம்ளர் வைப்பார்கள், ஒன்றில் உங்கள் வீட்டுத் தண்ணீர், இன்னொன்றில் அவர்கள் கொண்டுவந்த ஆர்.ஓ. தண்ணீர். இரண்டிலும் கம்பி வைத்த ஒரு கருவியை முக்கி மின்சாரம் விடுவார்கள். சற்று நேரத்தில் உங்கள் டம்ளர் சாக்கடை மாதிரிப் பழுப்பாகும், அவர்களுடையது தெளிவாகவே இருக்கும். "ஆண்டி, இதைத்தான் தினம் குடிக்கிறீங்க" என்பார்கள்.

பழுப்பு உங்கள் தண்ணீரிலிருந்து வந்தது அல்ல, அந்தக் கம்பியிலிருந்து வந்தது. கருவியின் ஒரு முனை இரும்பு. மின்சாரம் பாயும்போது அது கரைந்து துருவாக இறங்குகிறது. மின்சாரம் பாய உப்புச்சத்து வேண்டும். பைப்புத் தண்ணீரில் இயல்பாகக் கரைந்த உப்புகள் உண்டு, ஆர்.ஓ. தண்ணீரில் கிட்டத்தட்ட இல்லை. "தம்பி, உங்க டம்ளர்ல ஒரு சிட்டிகை உப்புப் போட்டுட்டு மறுபடி முக்குங்க" என்று சொல்லிப் பாருங்கள். அதுவும் பழுப்பாகும். பேனா மாதிரி இருக்கும் டிடிஎஸ் மீட்டரும் இதே கதைதான்: கரைந்த உப்பை அளக்கும், கிருமியையோ களைக்கொல்லியையோ அளக்காது. கரைந்த திடப்பொருளுக்கு அமைச்சின் வரம்பு லிட்டருக்கு 1000 மில்லிகிராம். உங்கள் தண்ணீர் அதற்கு எவ்வளவு கீழே இருக்கிறது என்று அவர்கள் மீட்டரிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

ஆர்.ஓ. யாருக்குத் தேவை? கிணற்று நீர் உப்புக்கரித்தால், சோதனையில் கன உலோகம் தெரிந்தால், அவர்களுக்கு. அப்போது என்எஸ்எஃப் 58 சான்று பாருங்கள். ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு அதைவிடக் கூடுதலான தண்ணீரைச் சாக்கடைக்கு அனுப்பும் சாதனம் அது என்பதையும் கணக்கில் வையுங்கள். அல்கலைன் தண்ணீர் என்று இன்னும் இரண்டாயிரம் வெள்ளி கூட்டிச் சொன்னால் தேநீர் கொடுத்து அனுப்பிவிடுங்கள். வயிற்றுக்குள் இருக்கும் அமிலத்துக்கு முன் அதெல்லாம் நிற்காது.

ஃபில்டர் தண்ணீர் மெலிந்து வருகிறது, கறுப்புத் துகள் விழுகிறது, பச்சை பிடிக்கிறது

புதுக் கார்பன் கேட்ரிட்ஜ் மாற்றிய அன்று கறுப்புத் தூள் வருவது சகஜம். தெளியும்வரை ஓடவிட்டுக் கொட்டுங்கள். மாதக்கணக்கில் ஓடிய ஃபில்டரில் திடீரென்று கறுப்பு விழுந்தால் கேட்ரிட்ஜ் உடைந்திருக்கும். ஃபில்டரே இல்லாத குழாயில் ரப்பர் மாதிரிக் கறுப்புத் துணுக்கு வந்தால் குழாய்க்குள் இருக்கும் வாஷர் நைந்துவிட்டது; ஹார்ட்வேர் கடையில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும்.

ஃபில்டர் உடம்பு கண்ணாடி மாதிரித் தெரிவதாக இருந்து, அது வெயில் படும் வாசலில் மாட்டியிருந்தால் உள்ளே பாசி பிடிக்கும். நிழலுக்கு மாற்றுங்கள், இல்லை மறைத்துக் கட்டுங்கள்.

தண்ணீர் மெலிவது அடைப்பின் அடையாளம். அதைவிட மோசம், மெலியாமலே கெட்டுப்போவது. கார்பன் குளோரினைப் பிடித்துக்கொள்வதால் அந்தக் கேட்ரிட்ஜ் காவல் இல்லாத ஈரமான இடம். நாளானால் கிருமி அதிலேயே குடியேறும். இரண்டு வருடம் மாற்றாத ஃபில்டர் தண்ணீரைவிட வாசல் குழாய்த் தண்ணீரையே குடிக்கச் சொல்வேன். மாற்றிய தேதியை ஃபில்டர் மேலேயே மார்க்கர் பேனாவால் எழுதுங்கள், தயாரிப்பாளர் சொன்ன கெடு வந்ததும் மாற்றுங்கள். செராமிக் குச்சியை வெளியே எடுத்துப் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவலாம், சோப்பு வேண்டாம். மயிரிழை விரிசல் தெரிந்தாலும் தூக்கிப் போடுங்கள். ஃபில்டர் வாங்குவதற்கு முன் வருடத்துக்குக் கேட்ரிட்ஜ் செலவு எவ்வளவு என்று கேளுங்கள். அந்தச் செலவைத் தாங்க முடியாத வீட்டுக்கு ஃபில்டரே வேண்டாம், கெட்டில் போதும்.

தொட்டித் தண்ணீரில் வழவழப்பு, புழு

கூரைத் தொட்டியின் மூடி காற்றில் பறந்திருக்கும். ஏறிப் பாருங்கள், இல்லை ஏறத் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். புழு என்பது கொசுக்குஞ்சு. வீட்டில் கொசு வளரவிட்டால் 1975ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டப்படி அபராதமும் உண்டு.

வால்வை மூடித் தொட்டியைக் காலி செய்து, சோப்பில்லாமல் தேய்த்துக் கழுவி, நிரப்பும்போது வாசனை சேர்க்காத 5 விழுக்காட்டுக் குளோராக்ஸ் வகை பிளீச் ஊற்றுங்கள். 100 கேலன் தொட்டிக்கு, அதாவது ஏறக்குறைய 450 லிட்டருக்கு, அரை லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாகப் போதும். எல்லாக் குழாயையும் சற்றுத் திறந்து வாடை வந்ததும் மூடி, ஒரு மணி நேரம் விட்டு, முழுக்க வடித்துவிட்டு மறுபடி நல்ல தண்ணீர் நிரப்புங்கள். அதுவரை யாரும் அந்தத் தண்ணீரைத் தொட வேண்டாம், ஃபில்டர் வழியாகவும் விட வேண்டாம். வருடத்துக்கு ஒருமுறை செய்தால் போதும். மூடி மட்டும் எப்போதும் இருக்க வேண்டும்.

வீட்டில் இரண்டு பேருக்கு வயிற்றுப்போக்கு

இந்த நிலையில் ஃபில்டரை நம்பாதீர்கள். கார்பன் கிருமியைக் கொல்லாது. தண்ணீர் தளதளவென்று கொதித்து ஒரு நிமிடம் நீடிக்கட்டும், மூடி போட்டு ஆறவிடுங்கள். அப்புறம் கவனம் பாத்திரத்துக்குப் போகட்டும்: கொதிக்க வைத்த தண்ணீரைத் திறந்த பானையில் ஊற்றி, எல்லாக் கையும் படும் குவளையால் மொண்டு குடித்தால் கொதிக்க வைத்த பலன் போச்சு. வெளியில் குடித்த ஐஸ் தண்ணீரையும் மறக்க வேண்டாம். மலத்தில் இரத்தம், கடும் காய்ச்சல், குழந்தை சோர்ந்து விழுவது இவற்றில் எது இருந்தாலும் கிளினிக் கெசிஹாத்தானுக்கு, அதாவது அரசாங்கச் சுகாதார கிளினிக்குக்குப் போங்கள். வெள்ளம் வடிந்தபின் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால் எலி மூத்திரத்தால் பரவும் காய்ச்சலாக இருக்கலாம், வெள்ளத்தில் இறங்கியதை டாக்டரிடம் சொல்லுங்கள்.

கைக்குழந்தைக்குப் பால் மாவு கரைக்கக் கொதித்த பைப்புத் தண்ணீரே நல்லது. 70 டிகிரிக்குக் குறையாத சூட்டில் கரைத்து, ஆற்றிக் கொடுக்க வேண்டும். மினரல் பாட்டில் விலை கூடியது என்பதற்காகக் குழந்தைக்கும் நல்லது என்று ஆகிவிடாது, அதில் உப்புகளின் அளவு கூடுதலாக இருக்கலாம்.

பாட்டில் தண்ணீர் பிளாஸ்டிக் வாடை, மிஷின் தண்ணீர் பழைய வாடை

பாட்டில் லேபிளைப் படியுங்கள். "ஆயர் மினரல் செமுலா ஜாடி" என்றால் நிலத்தடியிலிருந்து இயற்கை உப்போடு வருவது. "ஆயர் மினுமான்" என்றால் சுத்திகரித்து அடைத்த தண்ணீர், உங்கள் வீட்டுப் பைப்பைப் போன்ற மூலத்திலிருந்தும் வந்திருக்கலாம். விலை வித்தியாசத்துக்கு ஏற்ற ஆரோக்கிய வித்தியாசம் எதுவும் இல்லை. பிளாஸ்டிக் வாடை வந்தால் வெயிலில் நின்ற காரிலோ கடை வாசலிலோ காய்ந்த பாட்டில், திருப்பிக் கொடுங்கள். வீட்டிலும் பெட்ரோல், உரம், களைக்கொல்லி பக்கத்தில் வைக்காதீர்கள், வாடை பிளாஸ்டிக் வழியாக இறங்கும்.

மிஷின் தண்ணீர் பெரும்பாலும் ஆர்.ஓ., குளோரின் இல்லாதது. வாடைக்குக் காரணம் பெரும்பாலும் உங்கள் கேலன்தான். வாய் குறுகிய கேலனுக்குள் கை போகாது, ஆகவே அடியில் வழவழப்புப் பிடிக்கும். பிளீச் கலந்த தண்ணீர் விட்டுக் குலுக்கிக் கழுவுங்கள், இரண்டு மூன்று நாளில் குடித்து முடியுங்கள். உரிமம் ஒட்டாத, எப்போது சர்வீஸ் செய்தார்கள் என்று எழுதாத மிஷினை விட்டு விலகுங்கள்.

தோட்டத்து வீடுகளுக்கு ஒன்று முக்கியமாகச் சொல்ல வேண்டும்: களைக்கொல்லி மருந்து வந்த டிரம்மை எத்தனை முறை கழுவினாலும் தண்ணீருக்கு வைக்காதீர்கள், மழைத் தண்ணீருக்கும்தான். பாராகுவாட் என்ற களைக்கொல்லியை 2020 ஜனவரி 1 முதல் மலேசியாவில் தடை செய்துவிட்டார்கள். ஆனால் பழைய டிரம்கள் இன்னும் கொல்லையில் கிடக்கின்றன. களைக்கொல்லியைக் கொதிக்க வைத்து நீக்க முடியாது.

தண்ணீரே வரவில்லை

பாட்டில் தண்ணீருக்கு நியாயமான இடம் இதுதான். தண்ணீர் நிறுத்தம் அறிவித்ததும் மூடி போட்ட பாத்திரங்களில் பைப்புத் தண்ணீரையே பிடித்து வையுங்கள், குடிக்க மட்டும் சில பாட்டில் போதும். லாரி கொண்டுவரும் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள். அடுப்புப் பற்றவைக்க வழியில்லாத வெள்ள நேரத்தில், தெளிந்த தண்ணீர் லிட்டருக்கு வாசனையில்லாத பிளீச் இரண்டு சொட்டு விட்டுக் கலக்கி அரை மணி நேரம் காத்திருங்கள்; கலங்கலாக இருந்தால் துணியில் வடிகட்டி, நாலு சொட்டு விடுங்கள்.

லயத்தில் வருவது மெயின் தண்ணீர் இல்லை

சில தோட்டங்களில் இன்னும் தோட்டத்துக் குளத்திலிருந்தோ ஓடையிலிருந்தோ தண்ணீர் எடுக்கிறார்கள். டம்ளர் சோதனை அங்கே பாதிதான் உதவும், தெளிந்த தண்ணீரிலும் கிருமி இருக்கும், மேட்டிலிருந்து உரம் இறங்கும். அங்கே கொதிக்க வைப்பது கட்டாயம். மழைக்குப் பிறகு கலங்கினால் செராமிக் ஃபில்டரில் வடித்து அப்புறம் கொதிக்க வையுங்கள்.

தோட்டத்தில் வேலை செய்து லயத்தில் தங்கியிருப்பவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கும் கடமை முதலாளிக்கு உண்டு. தொழிலாளர் வீடமைப்புக்கான 1990ஆம் ஆண்டின் 446ஆவது சட்டம், இலவசமாகவும் போதுமான அளவிலும் பைப்புத் தண்ணீர் தர வேண்டும் என்கிறது. கிராணியிடம் (தோட்டத்துக் குமாஸ்தாவிடம்) வாய்ச்சொல்லாகச் சொல்வது பதிவில் நிற்காது. தேதி, நேரம், எந்த லயம், என்ன நிறம், எத்தனை வீடு என்று எழுதி, வெள்ளைத் தாளுக்கு முன் வைத்த டம்ளரின் படத்தோடு ஜபாத்தான் தெனாகா கெர்ஜாவுக்கு (தொழிலாளர் இலாகாவுக்கு) கொடுங்கள். வயிற்றுப்போக்கும் சேர்ந்து இருந்தால் மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்கும் ஒரு பிரதி. குடிநீரைக் கண்காணிக்கும் திட்டத்தை அமைச்சு 1983 முதல் நடத்துகிறது, மாதிரி எடுப்பது அவர்கள் வேலை. தாமான் வீட்டார் முதலில் மாநிலத் தண்ணீர் நிறுவனத்துக்கு, பேராக்கில் லெம்பாகா ஆயர் பேராக்குக்குச் சொல்லிப் புகார் எண் வாங்க வேண்டும். பதில் வராவிட்டால் அந்த எண்ணோடு ஸ்பானுக்கு, அதாவது தேசிய நீர்ச் சேவை ஆணையத்துக்கு, எழுதலாம்.